இரண்டு வீட்டுக்கும் போகிற ஊழியம்

வேத பகுதி: எண்ணாகமம் 5:5-7, லூக்கா 19:1-10, அப்போஸ்தலர் 16:22-34



சிறைச்சாலை ஊழியம் என்றாலே நம் ஜனங்களுக்கு ஒரு தனி வாஞ்சை உண்டு. மத்தேயு 25-ம் அதிகாரத்தைச் சொல்லிக் காணிக்கை கேட்டால் கொடுக்காத கை இல்லை. வேன் பிடித்து மதுரை மத்திய சிறைக்குப் போகிறோம். சோப்பு, துண்டு, புதிய ஏற்பாடு கொடுக்கிறோம். பாடுகிறோம், ஜெபிக்கிறோம், கண்ணீரோடு கை உயர்த்துகிறவர்களைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லித் திரும்புகிறோம். நல்ல காரியம். இதை ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.

ஆனால் ஒரு கேள்வி. உள்ளே கை உயர்த்தினானே அந்தச் சகோதரன், அவன் யாரை வெட்டினான்? யார் வீட்டுப் பூட்டை உடைத்தான்? யாருடைய தாலி அவனாலே இறங்கினது? அந்த வீட்டுக்கு நம்மில் எத்தனை பேர் போனோம்? கம்பத்திலிருந்து மதுரைச் சிறைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் போகிறோம். காயப்பட்டவருடைய வீடோ சில வேளை நம் சபைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும். அங்கே போக வேன் வேண்டாம், காலில் செருப்பு மாட்டினால் போதும். ஆனாலும் போகிறதில்லை. ஏனென்றால் அங்கே போனால் என்ன பேசுகிறது என்று நமக்குத் தெரியாது.

இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான். குற்றம் செய்தவனையும், குற்றத்தால் காயப்பட்டவரையும், இரண்டு பேர் குடும்பத்தையும் சேர்த்துப் பார்த்துச் செய்கிற ஊழியம். உலகத்தில் இதற்குச் சீர்ப்படுத்தும் நீதி என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர் புதுசு, காரியம் வேதத்தில் பழசு.

1. பூமியதிர்ச்சிக்குப் பிறகு நடந்தது

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையைப் பற்றி நாம் கேளாத கன்வென்ஷன் கூட்டம் இல்லை. நடுராத்திரியில் பவுலும் சீலாவும் துதித்துப் பாடினார்கள், அஸ்திபாரம் அசைந்தது, கதவுகள் திறந்தன, கட்டுகள் கழன்றன. அல்லேலூயா! அதோடே பிரசங்கம் முடிந்துவிடும். ஆனால் 33-ம் வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சிறைச்சாலைக்காரன் அந்த ராத்திரியிலேயே அவர்களை அழைத்துக்கொண்டுபோய் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். அதற்குப் பிறகுதான் அவனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

பிரம்படி கொடுத்தது அவன் அல்ல. ஆனால் அந்தக் காயத்தோடேயே அவர்களை உட்காவலில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினவன் அவன். சாயங்காலம் அந்தக் காயம் அவன் கண்ணில் படவில்லை. மனந்திரும்பின உடனே பட்டது. முதலில் அவன் கழுவினது தன் பாவத்தை அல்ல, மற்றவருடைய காயத்தை. மனந்திரும்புதலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் என்ன வேண்டும்?

2. திருப்பிக் கொடுத்தலும் சமாதானமும்

மோசேயின் நியாயப்பிரமாணம் திருட்டைப் பற்றிப் பேசும்போது, திருடனை எத்தனை வருஷம் அடைத்து வைப்பது என்று பேசவில்லை. திருடின ஆட்டுக்கு நாலு ஆடு, மாட்டுக்கு ஐந்து மாடு என்று உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறது (யாத்திராகமம் 22:1). எண்ணாகமம் 5-ம் அதிகாரத்தில், செய்ததை அறிக்கையிட்டு, முழு நஷ்டத்தையும் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இப்படி ஈடு கட்டுவதற்கு எபிரெய பாஷையில் வருகிற சொல்லும், நாம் எல்லோரும் அறிந்த ஷாலோம் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. குறைந்துபோனதை நிறைவாக்காமல் சமாதானம் இல்லை என்பது அந்தப் பாஷைக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது.

சகேயுவைப் பாருங்கள். ஆண்டவர் அவன் வீட்டில் தங்கினபோது அவன் எழுந்து நின்று என்ன பேசினான்? தான் யாரிடத்தில் அநியாயமாய் வாங்கினான் என்பதையும், நாலத்தனையாய்க் கொடுப்பதையும் பேசினான். அதைக் கேட்ட பின்புதான் ஆண்டவர் அந்த வீட்டுக்கு வந்த இரட்சிப்பைப் பற்றிச் சொன்னார். பணம் கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரட்சிப்பு இலவசம். ஆனால் அது உள்ளே வந்தால் கை சும்மா இராது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க நீளும்.

3. கதவு கதவாகத் தட்டின இரண்டு வாலிபர்கள்

1974-ம் வருஷம். கனடா தேசத்தில் எல்மிரா என்ற சின்ன ஊர். இரண்டு வாலிபர்கள் குடிபோதையில் ஒரு ராத்திரி முழுக்கத் திரிந்து, கார், ஜன்னல், வேலி என்று 22 இடங்களில் சேதப்படுத்திவிட்டார்கள். வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது மார்க் யான்சி என்ற நன்னடத்தை அதிகாரி ஒரு யோசனை சொன்னார். அவர் மெனோனைட் சபை விசுவாசி. இவர்கள் நஷ்டப்பட்டவர்களை நேருக்கு நேர் சந்திக்கட்டுமே என்றார். நியாயாதிபதி முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். அந்த வாலிபர்கள் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டி, "நாங்கதான் செஞ்சோம்" என்று சொன்னார்கள். யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டு, சில மாதங்களுக்குள் கொடுத்து முடித்தார்கள்.

ஜெயிலில் உட்காருவதைவிட இது லேசு என்று நினைக்கிறீர்களா? பாதிக்கப்பட்டவர் முகத்தைப் பார்த்து நிற்பதைக் காட்டிலும் கம்பிக்குப் பின்னால் இருப்பது எத்தனையோ பேருக்குச் சுலபம்! இந்த ஒரு வழக்கிலிருந்து எழும்பினதுதான் இன்றைக்குப் பல தேசங்களில் நடக்கிற சந்திப்புத் திட்டங்கள். பிற்பாடு பிரிசன் ஃபெல்லோஷிப் என்ற சர்வதேச சிறை ஊழியம், சகேயு ஏறின காட்டத்தி மரத்தின் பேரிலேயே ஒரு திட்டம் தொடங்கினது. சிறைக்குள் சில வாரங்கள் கைதிகளும், வேறு குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். என் வீட்டில் திருடினவன் இவன் அல்ல. ஆனால் திருட்டுக் கொடுத்தவர் படும் பாடு என்ன என்று இவன் ஒருநாளாவது காதால் கேட்க வேண்டும். அதுதான் நோக்கம்.

மெனோனைட் ஆசிரியர் ஹோவர்ட் ஜெர் 1990-ல் எழுதின புத்தகத்தில் காட்டுகிற வித்தியாசம் இதுதான். கோர்ட்டு கேட்பது: எந்தச் சட்டம் மீறப்பட்டது, யார் மீறினது, என்ன தண்டனை. சீர்ப்படுத்தும் நீதி கேட்பது: யார் காயப்பட்டார், அவருக்கு என்ன தேவை, அதைத் தீர்க்கிற கடமை யாருக்கு. பிரியமானவர்களே, இந்த இரண்டாவது கேள்விகளைச் சபை கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

4. நம் தேசத்தில் நடந்தவை

கேரளாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்குப் போய் ஏழை ஜனங்கள் நடுவே உழைத்தவர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ராணி மரியா. 1995 பிப்ரவரி 25-ம் தேதி ஓடுகிற பஸ்சில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் சமந்தர் சிங். ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002-ல் ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் கன்னியாஸ்திரியுமான செல்மி பால் சிறைக்குப் போய் அவர் கையில் ராக்கி கட்டி, அண்ணனாக ஏற்றுக்கொண்டார். அந்தக் குடும்பத்தாரே அவர் விடுதலைக்காக முயற்சி எடுத்தார்கள். 2006-ல் அவர் வெளியே வந்தார். பிறகு கேரளாவில் அந்தக் குடும்பத்து வீட்டுக்கே போய்ப் பெற்றோரைச் சந்தித்தார். சபைப்பிரிவு வேறாயிருந்தாலும் இதில் நமக்குப் பாடம் உண்டு. கொலைக்கும் அந்த ராக்கிக்கும் நடுவே 7 வருஷம் இருக்கிறது. அந்த ஏழு வருஷத்தை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை நீங்கள் அறிவீர்கள். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் அவர் கணவர் கிரகாம் ஸ்டெயின்சும், 10 வயது பிலிப்பும், 6 வயது திமொத்தேயும் ஜீப்பில் உயிரோடே எரிக்கப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்தேன் என்று அந்த அம்மா சொன்னது தேசத்தையே அசைத்தது. ஆனால் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை. 2003-ல் தீர்ப்பு வந்தது. முக்கியக் குற்றவாளிக்கு விதித்த மரண தண்டனையை 2005-ல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. மன்னிப்பு இருதயத்தின் காரியம். சட்டம் தன் வழியில் போகிறது. மன்னிச்சாச்சு, கேசை வாபஸ் வாங்குங்க என்று பாதிக்கப்பட்டவரிடத்தில் போய்ச் சொல்லுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள்.

5. நம் பள்ளத்தாக்கு அறிந்த இரண்டு தப்பு வழிகள்

முதல் வழி, முத்திரை குத்துகிறது. நம் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்று சொல்லுவார்களே, அதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். ஒருவன் திருடினானா இல்லையா என்று பாராமல், பிறந்த ஜாதியை வைத்தே குற்றவாளி என்று எழுதி, ஆண்பிள்ளைகளின் கைரேகையைப் பதிந்து, ராத்திரியில் ஆஜர் கொடுக்க வைத்தார்கள். மதுரைச் சீமையில் பிறமலைக் கள்ளர் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமா? 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்தவர்களில் ஒருவர். 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் ஜெயிலுக்குப் போய் வந்தவனை, "ஏலே, அவன் அப்படிப்பட்டவன்டா" என்று சாகிற வரைக்கும் சொல்லுகிற நம் வாய் ஒழிந்ததா? அவன் பிள்ளையை நம் பிள்ளையோடு விளையாட விடுகிறோமா?

இரண்டாம் வழி, கட்டப்பஞ்சாயத்து. இதையும் சமாதானம் என்றுதான் சொல்லுவார்கள். பலம் உள்ளவன் நாற்காலியில் உட்காருவான். அடிபட்டவன் கைகட்டி நிற்பான். ஒரு தொகை பேசி, அதில் பாதி நடுவில் போய், "இனிமே இதைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது" என்று முடிப்பார்கள். சீர்ப்படுத்தும் நீதி இதற்கு நேர் எதிர். அதில் காயப்பட்டவர்தான் முதலில் பேசுவார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வாயை மூட வைக்கிறது சமாதானம் ஆகாது.

6. தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு

காயப்பட்டவர் வீட்டில்: முதல் மூன்று சந்திப்பிலும் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்க வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டது. நல்ல சமாரியனைப் பாருங்கள். காயத்தைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், செலவுக்குக் கொடுத்தான், மறுபடியும் வருவேன் என்றான். அந்த மறுபடியும் வருகிறதுதான் ஊழியம். ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396-ம் பிரிவு. குற்றவாளி யார் என்றே தெரியாவிட்டாலும் மனு கொடுக்கலாம். தேனி லட்சுமிபுரம் கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். இலவச சட்ட உதவிக்குத் தேசிய எண் 15100. இந்த எண்ணை வேதப்புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கைதி வீட்டில்: தகப்பன் உள்ளே போனான், பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அந்த அம்மா ஏலத்தோட்ட ஜீப்பில் விடிகாலை ஏறினால் ராத்திரிதான் திரும்புகிறாள். பள்ளிக்கூடக் கட்டணம், சந்திப்புக்கு மதுரை போய் வரும் பஸ் செலவு, அக்கம்பக்கத்தார் முகம் திருப்பும் வேதனை, எல்லாம் அவள் தலையில். வாரம் ஒருமுறை அந்த வீட்டுப் படியேறுங்கள்.

சிறைக்குள்: உள்ளே இருப்பவர் எல்லாரும் தண்டனை பெற்றவர் அல்ல. 2022-ம் வருஷக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கு! ஆகையால் எல்லாரையும் பார்த்து, "உன் குற்றத்தை அறிக்கையிடு" என்று ஆரம்பிக்கக் கூடாது. வக்கீல் வைக்க வழியில்லாதவருக்குச் சட்ட உதவி உண்டு என்று சொல்லுங்கள். முதல் முறை வழக்கில் சிக்கினவர், அது மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் வெளிவர 479-ம் பிரிவில் வழி இருக்கிறது. இது தெரியாமல் எத்தனை ஏழைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்!

தண்டனை பெற்றவரிடத்தில் பொறுமையாய் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, உன்னால யாரு எதை இழந்தாங்க?" பலர் தாங்கள் இழந்ததையே பேசுவார்கள். மறுபடியும் கேளுங்கள். கைதி உழைக்கிற கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்ற வழியை 1998-ல் சுப்ரீம் கோர்ட்டு காட்டியது. தமிழ்நாட்டில் 20 சதவீதம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. எண்ணாகமம் 5:7-ல் கூட்டிக் கொடுக்கச் சொன்ன அளவும் அதுவே! என் கூலியில் பிடிக்கிறானே என்று முறுமுறுக்கிறவரிடத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். கட்டாயத்தில் போகிற பணம், மனதார விரும்பும்போது காணிக்கையாக மாறும்.

எச்சரிக்கை: விசாரணை நடக்கும்போது கைதிக்கும் சாட்சிகளுக்கும் நடுவே சேதி கொண்டுபோகாதீர்கள், கடிதமும் வாங்காதீர்கள். அது சாட்சியைக் கலைத்த குற்றமாகப் போய் நிற்கும். சந்திப்பு என்றால் இரண்டு பக்கமும் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து, அதிகாரிகளின் அனுமதியோடு, பயிற்சி பெற்றவர் நடத்த வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தில் சமரசம் பேசவே கூடாது. 2012-ம் வருஷப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தாக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். செய்தவர் சபை மூப்பராக இருந்தாலும் சரி, உபதேசியாராக இருந்தாலும் சரி. சபையின் பேர் கெடும் என்று மூடி மறைக்கிறவர்கள் கர்த்தருடைய நாமத்தைக் காப்பாற்றவில்லை, தங்களைக் காப்பாற்றிக்கொள்ளுகிறார்கள்.

7. மேடையில் சாட்சி

கடைசியாக ஒரு காரியம். சிலருக்குக் கசக்கும், ஆனாலும் சொல்லுகிறேன். கொலை செய்தவன், கஞ்சா விற்றவன், கொள்ளையடித்தவன் இரட்சிக்கப்பட்டு வந்தால் உடனே மேடை ஏற்றிவிடுகிறோம். போஸ்டரில் முன்னாள் ரவுடி என்று பெரிசாகப் போடுகிறோம். அவர், தான் எப்படி வெட்டினேன் என்பதை விலாவாரியாகச் சொல்லுகிறார். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். நாலு பக்கமும் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறோமே, அந்தச் சத்தம் எங்கெல்லாம் போகிறது? வெட்டப்பட்டவனுடைய தாய் அதே ஊரில் பாயில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டால்? தன் மகனுடைய கடைசி நேரத்தை, அல்லேலூயாவோடு சேர்த்து அவள் கேட்க வேண்டுமா? அந்தத் தாய் ஒருநாள் நம் சபைப் படியேறுவாளா?

தேவன் அவனை மன்னித்தார், சந்தேகம் இல்லை. ஆனால் காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடத்தில் போய் ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவர் (மத்தேயு 5:23-24), சாட்சிக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தாரா? ஆகையால் சபைகளுக்கு என் தாழ்மையான ஆலோசனை: அப்படிப்பட்ட சகோதரனை மேடை ஏற்றும் முன்பு மூப்பர்கள் மூன்று காரியம் விசாரிக்கட்டும். காயப்பட்ட குடும்பத்தை யாராவது போய்ப் பார்த்தீர்களா? அவர்களுக்குச் செய்ய வேண்டியதை அவர் செய்யத் தொடங்கினாரா? அவர் பேசுவது அவர்களுக்குத் தெரியுமா, சம்மதமா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் மைக்கை எடுத்து வையுங்கள். அந்தச் சகோதரன் ஒரு வருஷம் பின்வரிசையில் உட்காரட்டும், உழைக்கட்டும், கொடுக்கட்டும். சாட்சி கெட்டுப்போகாது. முற்றின பிறகு வருகிற சாட்சிக்கு ருசி அதிகம். திராட்சை பயிரிடுகிற ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பவுல் அப்போஸ்தலன் ஒநேசிமுவைப் பிலேமோனிடத்தில் திருப்பி அனுப்பினபோது, அவன் பட்ட கடனைத் தன் கணக்கில் எழுதச் சொன்னார் (பிலேமோன் 18). கடன் இல்லை என்று சொல்லவில்லை, மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே தான் போய் நின்றார். நடுவே நிற்கிறவனுக்கு இரண்டு பக்கத்துப் பாரமும் உண்டு. அந்தப் பாரத்தைச் சுமக்க ஆயத்தமா?

வீட்டுக் கூட்டங்களில் தியானிக்க:

1. சகேயு யாருக்குத் திருப்பிக் கொடுத்தானோ, அவர்கள் அன்றைக்குத் தங்கள் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்?
2. கடந்த ஐந்து வருஷத்தில் நம் தெருவில் குற்றத்தால் காயப்பட்ட குடும்பம் எது? நம் சபையார் எத்தனை முறை போனார்கள்?
3. சிறையிலிருந்து வந்த ஒருவர் வேலை கேட்டால், நம்மில் யார் தோட்டத்தில், யார் கடையில் இடம் கொடுப்போம்?

ஜெபக்குறிப்பு: நம் பள்ளத்தாக்கில் சிறைப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காகவும், கொலையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்காகவும் ஒரே மூச்சில் ஜெபியுங்கள். இரண்டு பேரையும் ஒரே ஜெபத்தில் சேர்த்துச் சொல்லக் கஷ்டமாயிருந்தால், அந்தக் கஷ்டத்தையே கர்த்தரிடத்தில் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு இரண்டு பேராகப் புறப்படுங்கள். ஒரு வீடு மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதித்துப் பயன்படுத்துவாராக. ஆமென்.